ராமுத்தாயும் இருபத்து மூன்று நீதிபதிகளும்

நெருப்பெரிச்சல் பக்கத்துப் பனியன் கம்பெனிகளில் தைக்கிற ஆயிரம் பெண்களை வரிசையாக நிறுத்தி, கென்யா நாட்டில் ஒரு நீதிபதியை எப்படி நியமிக்கிறார்கள் என்று கேட்டால், ஒருத்தி மட்டும் பதில் சொல்வாள். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். காரியாபட்டிக்குத் தெற்கே ஒரு கரிசல் காட்டு ஊரிலிருந்து கல்யாணமான கையோடு திருப்பூருக்கு வந்தவள். பெயர் ராமுத்தாய். ஓவர்லாக் மெஷினில் அவள் கை ஓடும் வேகத்தைப் பார்க்கவே பக்கத்து டேபிள்காரிகள் ஒரு நிமிஷம் நிறுத்துவார்கள். அப்படிப்பட்டவளுக்கு ஆப்பிரிக்க நீதிபதிகளோடு என்ன வேலை என்றால், அது அவள் தேடிப் போன வேலை இல்லை.

அவள் புருஷன் தவசி, தாய்மாமன் மகன். அதே கம்பெனியில் அயர்ன் செக்‌ஷனில் சூப்பர்வைசராக இருந்தான். பாய்லர், நீராவிக் குழாய், தேய்ப்புப் பெட்டி எல்லாம் அவன் பொறுப்பு. கம்பெனி முதலாளியின் மைத்துனர் நைரோபிக்கு வெளியே ஒரு தையல் ஃபேக்டரி நடத்தினார். அங்கிருந்து அமெரிக்காவுக்குச் சரக்கு அனுப்பினால் வரி கிடையாது என்று நம் ஊர்க்காரர்கள் பலர் அங்கே போய்க்கொண்டிருந்த காலம். 'ரெண்டு வருஷம் போயிட்டு வா தவசி, அந்த ஊர் ஆளுகளுக்கு வேலை பழக்கிக் குடு' என்றார் முதலாளி. இரண்டாயிரத்து இரண்டாம் வருஷம் மே மாதம் தவசி விமானம் ஏறினான். ராமுத்தாய்க்கு அப்போது இருபத்தாறு வயது. கம்பெனியே அவளுக்கு மில் ரோட்டு லைன் வீட்டில் ஒரு அறை கொடுத்தது. இரண்டு வருஷம் கண் மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும் என்றுதான் இருவரும் பேசிக்கொண்டார்கள்.

ஒன்பதாவது மாதம் அந்த ஃபேக்டரியில் நீராவிக் குழாய் வெடித்தது. அயர்ன் டேபிளில் நின்றிருந்த முவெண்டே என்ற இருபத்திரண்டு வயதுப் பெண் வெந்து, மூன்றாம் நாள் இறந்துபோனாள். நான்காம் நாள் மைத்துனர் துபாய்க்குப் பறந்துவிட்டார். போலீஸ் வந்து கேட்டபோது பாய்லருக்குப் பொறுப்பு என்று தாளில் இருந்த பெயர் தவசியுடையது. கைது செய்து, பிறகு ஜாமீனில் விட்டார்கள். ஆனால் பாஸ்போர்ட்டைக் கோர்ட்டு வாங்கி வைத்துக்கொண்டது. வழக்கு முடியாமல் நாட்டை விட்டு நகரக் கூடாது.

"என்ன மச்சான் நடந்துச்சு? நெசமாவே ஒங்க தப்பா?" என்று போனில் கேட்டாள் ராமுத்தாய்.

"குழாய் பழசு தாயி. அம்புட்டுத்தான்" என்றான் தவசி. அதற்கு மேல் அவன் பேசவில்லை. அவளும் தோண்டவில்லை.

வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு அவன் கூப்பிடுவான். அவளிடம் போன் கிடையாது. லைன் வீட்டு முக்கில் லிங்கசாமி என்பவர் பூத் வைத்திருந்தார். கூடவே மூன்று கம்ப்யூட்டர் போட்டு பிரவுசிங் சென்டரும் நடத்தினார். குண்டடத்துக்காரர், பாலிடெக்னிக் படித்தவர், ராமுத்தாயைவிட இரண்டு மூன்று வயது இளையவர். தவசியின் வழக்கைக் கேட்டதிலிருந்து, போன் வருவதற்கு முன்னால் அரை மணி நேரம் அந்த நாட்டுப் பத்திரிகையை இண்டர்நெட்டில் திறந்து, கோர்ட்டு சம்பந்தமாக என்ன வந்திருந்தாலும் அவளுக்குத் தமிழில் சொல்வார். கம்ப்யூட்டரில் உட்கார்ந்ததற்கு மட்டும் ஒருநாளும் காசு வாங்கியதில்லை.

தவசிக்கு அந்த ஊர் வக்கீல் ஒருவர் கிடைத்திருந்தார். முட்டுவா என்று பெயர். ஃபீஸைத் திருப்பூர்க் கம்பெனி கட்டியது. 'பாஸ்போர்ட்டைக் கொடுங்கள், ஊருக்குப் போய்விட்டு விசாரணைக்கு வருகிறேன்' என்று அவர் போட்ட மனு ஒரு நீதிபதியிடம் ஏழு மாதமாகக் கிடந்தது. அந்த நீதிபதியின் பெயரை ராமுத்தாய் தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் தமிழில் எழுதி, பர்ஸில் மடித்து வைத்திருந்தாள். தன் வாழ்க்கை அந்தப் பெயரிடம் இருக்கிறது என்பது மட்டும் அவளுக்குப் புரிந்திருந்தது.

செப்டம்பரில் ஒரு ஞாயிறு தவசியின் குரல் ஒரு மாதிரி இருந்தது.

"ஒருத்தன் வந்தான் தாயி. கோர்ட்டுல புழங்குறவன். ஜட்ஜுக்கு வேண்டிய ஆளாம். கொஞ்சம் கவனிச்சா அடுத்த வாரமே பாஸ்போர்ட் கைக்கு வந்துருமாம்."

"குடுத்துட்டு வந்துருங்க மச்சான். என் சங்கிலி இருக்கு. நாளைக்கே வித்து அனுப்புறேன்."

"முட்டுவாகிட்ட சொன்னேன். இத ஒழிக்கத்தான் இந்த நாட்டுல நாங்க தெருத்தெருவா நடந்துக்கிட்டிருக்கோம், நீ குடுக்கிறதுன்னா வேற வக்கீலப் பாத்துக்கன்னுட்டாரு."

"அவருக்கென்ன, அவரு வீட்டுல அவரு பொண்டாட்டி சோறு வைக்கிறா. நீங்க வாங்க."

தவசி கொடுக்கவில்லை. வந்தவன் உண்மையிலேயே நீதிபதியின் ஆள்தானா, ஏமாற்றுக்காரனா என்பதுகூடக் கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. ஆனால் ராமுத்தாயின் மனதில் அந்த 'அடுத்த வாரம்' தைத்துப்போயிற்று. அடுத்த வாரம் வந்திருக்க வேண்டியவர். இரண்டு வாரம் போயும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அக்டோபரில் லிங்கசாமி கம்ப்யூட்டர் முன்னால் இருந்து துள்ளி எழுந்தார்.

"ஏனுங்க்கா, ஓடி வாங்க! அந்த ஊர்ல இருவத்தி மூணு ஜட்ஜுகள ஒரே நாள்ல வேலைய விட்டு நிறுத்தீட்டாங்க. பாதிக் கோர்ட்டு காலி. காசு வாங்குனாங்கன்னு கமிட்டி போட்டு விசாரிச்சு, பேரெல்லாம் பேப்பர்லயே போட்டுருக்குதுங்க. நம்ம ஊர்ல இப்படி நடக்குமா? பெரிய காரியம் பண்ணீருக்காங்க்கா!"

ராமுத்தாய் பர்ஸைத் திறந்து காலண்டர் தாளை எடுத்தாள். "நம்ம ஜட்ஜு பேரு இருக்கான்னு பாருங்க தம்பி."

லிங்கசாமி விரலைத் திரையில் வைத்து ஒவ்வொரு பெயராக இறக்கினார். பாதிக்கு மேல் போனதும் விரல் நின்றது. அவர் முகத்திலிருந்த சந்தோஷம் மெல்ல வடிந்தது. "இருக்குதுங்க்கா" என்றார்.

ஒன்றரைக்குப் போன் வந்தது. தவசி பெருமூச்சோடு ஆரம்பித்தான். "நல்லதுதான் நடந்துருக்கு தாயி. முட்டுவா சந்தோசத்துல அழுதுட்டாரு. இத்தன வருசத்துல நடக்காதது..."

"நம்ம மனு?"

"புது ஜட்ஜு வரணும்."

"எப்ப வருவாரு?"

"தெரியல."

"ரெண்டு வாரத்துக்கு முந்தி நான் சொன்னதக் கேட்டிருந்தா இந்நேரம் நீங்க இந்த ஊட்டுல உக்காந்து சோறு தின்னுக்கிட்டு இருப்பீக" என்று சொல்லிவிட்டு அவளே போனை வைத்தாள். இத்தனை வருஷம் திருப்பூரில் இருந்ததில் கோபத்தில்கூட இந்த ஊர்ப் பேச்சில் 'ஊடு' என்று வாயில் வருகிறது என்பதை அன்று கவனித்தாள். அடுத்த மூன்று ஞாயிறு அவள் பூத்துக்குப் போகவில்லை. போன் அடித்து ஓய்ந்ததை லிங்கசாமி வந்து சொன்னார்.

அவளுக்கு இருந்த கஷ்டம் வெளியே சொல்ல முடியாத கஷ்டம். லஞ்சம் வாங்குகிற நீதிபதியைத் துரத்தியது தப்பு என்று எந்த வாயால் சொல்வது? சரியான காரியம்தான். முதல் தடவையாக ஒரு நாடு செய்கிற சரியான காரியம். அந்தக் காரியத்தின் அடியில் அவள் அகப்பட்டுக்கொண்டாள், அவ்வளவுதான். நாலாவது ஞாயிறு தானாகவே பூத்துக்குப் போய், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "புது ஜட்ஜு எப்படித்தான் வருவாக தம்பி? யாரு போடுவா?" என்று கேட்டாள்.

அப்படித்தான் அவள் அதைத் தெரிந்துகொண்டாள். ஜனாதிபதிதான் நீதிபதிகளை நியமிப்பார். அவருக்கு யோசனை சொல்ல ஒரு கமிஷன் உண்டு. அந்தக் கமிஷனிலும் பெரும்பாலும் அவர் போட்ட ஆட்களே இருப்பார்கள். எந்த வக்கீல் எதற்காக நீதிபதியானார் என்று வெளியே ஒருவருக்கும் தெரியாது. முட்டுவாவும் அவர் கூட்டாளிகளும் அதை மாற்றச் சொன்னார்கள்: நீதிபதியாக விரும்புகிறவர்கள் மனு போடட்டும், எல்லோரும் பார்க்க அவர்களைக் கேள்வி கேட்கட்டும், கமிஷனில் ஒருவர் கைக்கு அடங்காத ஆட்கள் இருக்கட்டும். துரத்தியவர்களின் இடத்துக்குப் புது ஆட்கள் வந்தபோது அவர்களும் பழையபடியே மூடிய அறைக்குள்ளிருந்துதான் வந்தார்கள். முட்டுவா கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு மறுபடி தெருவில் இறங்கினார்.

வழக்கு ஒரு தற்காலிக நீதிபதியிடம் போனது. அவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்கிறேன் என்றார். பாதியில் வேறு ஊருக்கு மாற்றினார்கள். அடுத்தவருக்கு வழக்குக் கட்டு வந்து சேரவில்லை. கட்டு கிடைத்தபோது அவர் மேல்கோர்ட்டுக்குப் போய்விட்டார். இப்படி இரண்டாயிரத்து நாலு போயிற்று. ஐந்தாம் வருஷப் பிறப்போடு, எந்த நாடு எவ்வளவு துணி அனுப்பலாம் என்ற கோட்டா முறை ஒழிந்து, அங்கே இருந்த தையல் ஃபேக்டரிகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. தவசியின் ஃபேக்டரியும் மூடியது. கூட வந்த நம் ஆட்கள் எல்லோரும் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். வழியனுப்ப ஏர்போர்ட் வாசல்வரை போய்விட்டு அவன் மட்டும் பஸ் ஏறித் திரும்பினான். குஜராத்திக்காரர் ஒருவரின் மளிகைக் குடோனில் காவல் வேலை பார்த்து, அங்கேயே படுத்துக்கொண்டான்.

இந்தப் பக்கம் ராமுத்தாய்க்கும் கதவு அடைத்தது. வக்கீல் ஃபீஸ் கட்டுவது கம்பெனி. தங்கியிருக்கும் அறை கம்பெனியுடையது. வேறு கம்பெனியில் கூடுதலாகக் கொடுக்கிறேன் என்றாலும் போக முடியாது. சொந்த ஊருக்குப் போய் ஒரு வாரம் இருந்துவிட்டு வரலாம் என்றால், 'அங்க எவளையாச்சும் சேத்துக்கிட்டானோ என்னமோ' என்று கேட்க நாலு பேர் வாசலில் நிற்பார்கள். பிள்ளை பெற்ற தங்கச்சிமார் முகத்தைப் பார்க்க வேண்டும். அவள் போகவில்லை. மெஷினுக்கும் அறைக்கும் நடுவில் அரைக் கிலோமீட்டர். அந்த அரைக் கிலோமீட்டரில்தான் ஐந்து வருஷம் போனது.

இரண்டாயிரத்து ஐந்து நவம்பரில் அந்த நாட்டில் புது அரசியல் சட்டத்துக்கு ஓட்டெடுப்பு வைத்தார்கள். நீதிபதி நியமனமும் அந்தச் சட்டத்தில் வந்தது. வேண்டும் என்பவர்களுக்கு வாழைப்பழச் சின்னம், வேண்டாம் என்பவர்களுக்கு ஆரஞ்சு. அந்த மாதம் முழுக்க ராமுத்தாய் ஆரஞ்சுப் பழத்தைக் கையால் தொடவில்லை. ஆரஞ்சு ஜெயித்தது.

"ஏன் மச்சான், ஒங்க வக்கீலு என்ன பண்ணினாரு?"

"அவரே ஆரஞ்சுக்குத்தான் குத்தினாராம். ஜட்ஜு விசயத்துல பரவால்ல, மத்ததுல ஜனாதிபதி கைக்கு எல்லாத்தையும் குடுத்துருக்காங்க, இத ஒத்துக்க முடியாதுங்கிறாரு."

"அந்தாளு ஒருநாளும் ஒத்துக்க மாட்டாரு" என்றாள் ராமுத்தாய். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. லிங்கசாமி திரும்பிக்கொண்டு கீபோர்டைத் துடைத்தார்.

அடுத்த வருஷம் கம்பெனிக்குச் சரக்கு வாங்கப் புது வெளிநாட்டு பையர் வந்தார். தொழிலாளர் கமிட்டி இருந்தால்தான் ஆர்டர் என்றார். கம்பெனியில் ஆட்களைக் கவனிக்கும் மேனேஜர் ஆத்தப்பன். கோபமாக ஒரு வார்த்தை பேசி அவரை யாரும் பார்த்ததில்லை. வேலையை விட்டு நிறுத்தும்போதுகூட 'நல்லா இருங்க' என்றுதான் சொல்வார். அவர் டீ நேரத்தில் வந்து நாலு பெயரை வாசித்தார். அதில் ராமுத்தாய் பெயர் இரண்டாவது. "தொழிலாளர்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்" என்று அட்டையில் போட்டோ ஒட்டி நோட்டீஸ் போர்டில் மாட்டினார்கள். யாரும் யாருக்கும் ஓட்டுப் போடவில்லை. ராமுத்தாய் தன் போட்டோவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தன்னை ஏன் போட்டார்கள் என்று அவளுக்கு உடனே தெரிந்துபோயிற்று. வாயைத் திறக்க முடியாத ஆளாகப் பார்த்துத்தான் போட்டிருக்கிறார்கள்.

ஜூன் மாதம் மூன்றாவது டேபிளில் வேல்விழி என்ற பத்தொன்பது வயதுப் பெண்ணின் துப்பட்டா மெஷினுக்குக் கீழே ஓடும் பெல்ட்டில் சுற்றிக்கொண்டது. பெல்ட்டை மூடும் தகடு இரண்டு மாதமாக இல்லை. கழுத்து அகப்படாமல் இருக்கக் கையைக் கொடுத்தாள். வலது கை மணிக்கட்டிலிருந்து முறுக்கிக்கொண்டது. இரண்டு டேபிள் தள்ளி இருந்த ராமுத்தாய்தான் ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தாள். கழன்று கிடக்கும் தகட்டைப் பற்றி அதற்கு முன் இரண்டு தடவை லைன் சூப்பர்வைசரிடம் சொன்னவளும் அவளேதான்.

கமிட்டி விசாரணை நடந்தது. துப்பட்டா போட்டு மெஷினில் உட்காரக் கூடாது என்ற அறிவிப்பு சுவரில் ஒட்டியிருந்தது. அது விபத்துக்கு மறுநாள் ஒட்டியது. பசை இன்னும் ஓரத்தில் ஈரமாக இருந்தது. கட்டுப் போட்ட கையோடு வேல்விழி வந்து நின்றாள்.

"அக்கா, தகடு இல்லாதத நீங்க பாத்தீங்கள்ல? நீங்கதான அத மாட்டச் சொன்னீங்க?"

ராமுத்தாய் மேசை மேல் சுற்றிய ஃபேனைப் பார்த்தாள். வக்கீல் நின்றுவிட்டால் தவசிக்கு அங்கே யார் இருக்கிறார்கள் என்று நினைத்தாள். 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதியிருந்த தாளில் மற்ற மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். அவளும் போட்டாள். போடும்போது கை நடுங்கவில்லை என்பதுதான் பிற்பாடு அவளை அதிகம் வதைத்தது. வேல்விழிக்கு ஆஸ்பத்திரிச் செலவோடு கணக்கை முடித்து அனுப்பினார்கள். ராமுத்தாய் அதன்பிறகு மூன்றாவது டேபிள் பக்கமாக நடப்பதை விட்டு, கழிப்பறைக்குப் போகச் சுற்றிக்கொண்டு போனாள்.

இரண்டாயிரத்து ஏழு பிப்ரவரியில் தவசியின் வழக்கு ஒரு பெண் நீதிபதியிடம் வந்தது. அவர் தவணை கொடுக்கிறவர் இல்லை என்று முட்டுவா சொன்னார். குற்றம் சாட்டப்பட்டவனை நேராகக் கூண்டில் ஏற்றிக் கேட்பார் என்றும் சொன்னார். விசாரணைக்கு நாலு நாள் இருக்கும்போது ஆத்தப்பன் ராமுத்தாயைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நாற்காலியில் உட்காரச் சொன்னார். டீ வரவழைத்தார்.

"கண்ணு, உம்பட ஊட்டுக்காரர் கேஸு இப்ப முடியற மாதிரி இருக்குதாமா. சந்தோசம். நம்ம கம்பெனி இத்தன வருசம் ஏதாச்சும் உட்டுக் குடுத்துதா, சொல்லு?"

"இல்லீங்க சார்."

"அந்தப் புள்ளையே வால்வுல கைய வச்சிருச்சு, எனக்கு ஒண்ணுந் தெரியாதுன்னு உம்பட ஊட்டுக்காரர் சொல்லோணும். முதலாளி மச்சான் பேரு எங்கயும் வரக் கூடாது. தவசி நம்ம பேச்சக் கேக்கறானில்ல. நீ சொன்னா கேப்பான். இப்பவே பேசீரு அம்மிணி." அவரே எண்களை அழுத்தினார். ஸ்பீக்கர் பொத்தானை அழுத்திவிட்டுச் சாய்ந்துகொண்டார்.

நாலு தடவை மணி அடித்ததும் தவசி எடுத்தான். "ராமுத்தாயா? இந்நேரத்துல என்ன?"

ஆத்தப்பன் சொல்லு என்பதுபோலக் கையை அசைத்தார். சொல்ல வந்தது ஒன்று, வாயில் வந்தது வேறொன்று.

"மச்சான், அன்னைக்கு நான் தோண்டிக் கேக்கல. இப்ப கேக்குறேன். அந்தக் குழாய் ஏன் வெடிச்சுது?"



"வால்வு நீராவிய வெளிய விட்டுக்கிட்டே இருந்துச்சு தாயி. பிரஷர் நிக்கல. ஆர்டர் போகணும்னு மொதலாளி மச்சான் சத்தம் போட்டாரு. கம்பியப் போட்டு இறுக்கிக் கட்டுடான்னாரு. கட்டுனது நான்தான். தப்புன்னு தெரிஞ்சேதான் கட்டினேன். வேலை போயிருமேன்னு கட்டினேன். முவெண்டே அன்னைக்குக் காலையில எனக்கு வேர்க்கடலை குடுத்தா."

ராமுத்தாய் கண்ணை மூடிக்கொண்டாள். ஈரம் காயாத அறிவிப்பும் கையெழுத்துப் போட்ட தாளும் கண்ணுக்குள் வந்தன.

"அப்ப அதச் சொல்லுங்க."

ஆத்தப்பன் நிமிர்ந்தார். "அம்மிணி..."

"சொன்னா உள்ள போட்டாலும் போட்டுருவாக தாயி" என்றான் தவசி.

"இப்ப நீங்க வெளியிலயா இருக்கீக? நான்தான் வெளியிலயா இருக்கேன்?" அவள் குரல் உடைந்தது. "உள்ளதச் சொல்லுங்க மச்சான். யாரு கட்டச் சொன்னாங்கிறதையும் சேத்துச் சொல்லுங்க. எத்தன வருசம் ஆனாலும்..."

ஆத்தப்பன் பொத்தானை அழுத்தி இணைப்பைத் துண்டித்தார். கோபப்படவில்லை. டீ கிளாஸை அவள் பக்கம் நகர்த்தினார். "குடிச்சுட்டுப் போ அம்மிணி. நல்லா இரு" என்றார்.

சனிக்கிழமையே அறையைக் காலி செய்யச் சொன்னார்கள். வேலையும் அதோடு போயிற்று. லிங்கசாமி தன் வண்டியில் பாத்திர மூட்டையை ஏற்றிக்கொண்டு போய், முத்தாத்தாள் என்பவரின் லைன் வீட்டில் தகரக்கூரை அறை ஒன்று பிடித்துக் கொடுத்தார். முத்தாத்தாள் அவளை ஏற இறங்கப் பார்த்து, "ஒத்தையாவா இருக்கற சாமி?" என்று கேட்டார். "வந்துருவாருங்க" என்றாள் ராமுத்தாய். வருவான் என்ற நம்பிக்கை அப்போது அவளுக்கு இல்லை. அந்தத் தகரத்தின் கீழே முதல் மாதம் அவள் நினைத்ததெல்லாம், இருந்த ஒரு கதவையும் தானே சாத்திவிட்டோம் என்றுதான்.

கம்பெனி ஃபீஸை நிறுத்தியது. முட்டுவா வழக்கை விடவில்லை. விசாரணையன்று தவசி உள்ளதைச் சொன்னான். நீதிபதி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்: "பாய்லரை நிறுத்த உனக்கு அதிகாரம் இருந்ததா?" இருந்தது என்றான். ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. அவன் குற்றவாளி. கட்டச் சொல்லிவிட்டு ஓடியவர்மேலும் வழக்குப் போட உத்தரவு. தவசி சிறையில் இருந்த நாளையும், நாடு தாண்ட முடியாமல் கிடந்த நாலு வருஷத்தையும் தண்டனையாக எடுத்துக்கொண்டு நீதிபதி அவனை விடுவித்தார். முவெண்டேயின் அம்மா கோர்ட்டுக்கு வந்திருந்தார். தவசி அவர் முன்னால் போய் நின்றான். அவர் எழுந்து போகவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு வந்தான்.

அந்தப் பெண் நீதிபதியும் பழைய முறையில் நியமிக்கப்பட்டவர்தான். சட்டம் அதுவரை மாறவில்லை. 'நல்லவர் அமைந்தது உன் அதிர்ஷ்டம். கோர்ட்டு வாசலில் நிற்கிற எல்லோரும் அதிர்ஷ்டத்தை நம்பி நிற்க முடியாது' என்று முட்டுவா வழியனுப்பும்போது சொன்னாராம்.

மே மாதம் தவசி வந்து சேர்ந்தான். கோயமுத்தூர் ஏர்போர்ட்டில் அவனை முதலில் அடையாளம் கண்டது லிங்கசாமிதான். அவரோ போட்டோவில் மட்டும்தான் பார்த்திருந்தார். முன்தலை வழுக்கையாகி, கன்னம் ஒட்டிப்போன ஒருவனை ராமுத்தாய் தாண்டிப் போகப் பார்த்தாள். ஐந்து வருஷம் ஞாயிறுதோறும் பேசிய இருவருக்கும் நேரில் பேச ஒரு வாரம் ஆயிற்று. குக்கர் விசில் அடித்தால் அவன் எழுந்து வாசலுக்குப் போய்விடுவான். அவள் சோற்றைப் பானையில் வடிக்க ஆரம்பித்தாள்.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வேல்விழியைப் பற்றிச் சொன்னாள். கையெழுத்தைப் பற்றியும் சொன்னாள். தவசி சோற்றைப் பிசைந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தான். "அந்தப் புள்ள இப்ப எங்கன இருக்கு?" என்றான்.

வேல்விழி அனுப்பர்பாளையத்தில் அம்மாவோடு இருந்தாள். இடது கையால், தைத்த பீஸில் பிசிறு நூல் வெட்டுகிற வேலை. ராமுத்தாயைக் கண்டதும் கதவைச் சாத்தினாள். இரண்டாம் தடவையும் சாத்தினாள். மூன்றாம் தடவை தாள் போடவில்லை. ஜூலையில் தவசியும் சேர்ந்து மூவரும் நஷ்டஈட்டு மனுவோடு லேபர் ஆபீஸுக்குப் போனார்கள். அங்கே அதிகாரி மாறிப் போயிருந்தார். புதியவர் வர நாலு மாதம் ஆகும் என்றார்கள். ராமுத்தாய்க்கு அது புதிதாகத் தெரியவில்லை. ஐந்து மாதம் கழித்து வந்தார்.

விசாரணையில் கம்பெனி வக்கீல் அவளை மடக்கினார். "கமிட்டி அறிக்கையில் இருப்பது உங்கள் கையெழுத்துதானே? நீங்கள் தொழிலாளர்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிதானே?"

"கையெழுத்து என்னுதுங்க. பொய்யின்னு தெரிஞ்சே போட்டேன். என்னைத் தொழிலாளிக யாரும் தேர்ந்தெடுக்கலீங்க. கம்பெனிதான் போட்டுச்சு. கம்பெனி போட்ட ஆளு கம்பெனிக்கு எதிரா எப்படிங்க எழுதுவா?"

"இப்போது எழுதுகிறீர்களே?"

"இப்ப நான் கம்பெனியில இல்லீங்களே."

அதிகாரி பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார். வேல்விழிக்கு நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்று இரண்டாயிரத்து ஒன்பதில் உத்தரவானது. கம்பெனி சென்னை ஹைகோர்ட்டில் மேல்முறையீடு போட்டிருக்கிறது. இன்னும் தேதி குறிக்கவில்லை. வேல்விழி சில மாதத்துக்கு ஒரு தடவை வந்து, "ஏதாச்சும் தெரிஞ்சுதாக்கா?" என்று கேட்பாள். இவள் இல்லை என்று தலையை ஆட்டுவாள். தெரிந்த கம்பெனிகள் எதுவும் ராமுத்தாயை எடுக்கவில்லை, பெயர் பரவிவிட்டது. கடைசியில் பூலுவப்பட்டிப் பக்கம் சின்ன யூனிட் ஒன்றில், நாற்பது பேர் தைக்கிற இடத்தில் சேர்ந்தாள். தவசி அங்கேயே செக்கிங் டேபிளில் நின்றான்.

அந்த யூனிட்டுக்கும் ஒருநாள் பையர் கேட்டு கமிட்டி போட வந்தார்கள். மேனேஜர் தாளை எடுத்துப் பெயர் வாசிக்கப் போனார். ராமுத்தாய் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்தாள். "நீங்க வாசிக்க வேணாங்க. சீட்டுல எழுதிப் போடுறோம்" என்றாள். மேனேஜர் யோசித்தார். சரக்கு போக வேண்டிய அவசரம். எப்படியோ முடியட்டும் என்று சரி என்றார். நூல் வந்த அட்டைப் பெட்டியில் முப்பத்தொன்பது சீட்டு விழுந்தது. எல்லோர் முன்னாலும் எண்ணினார்கள். கட்டிங்கில் இருந்த அமராவதிக்கு இருபத்தொன்று. ராமுத்தாய்க்குப் பதினெட்டு.

அவளுக்கு வருத்தமாகத்தான் இருந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு அமராவதியிடம் போய், ஐந்தாவது மெஷினில் பெல்ட் மூடி ஆடுகிறது, அதை முதலில் மேனேஜரைப் பார்க்கச் சொல் என்றாள்.